படத்தின் முதுகில் இரண்டு பெயர்கள்

1992 ஜூலை 31: கடைசிச் சம்பளம், 1,946 டாலர்.
1992 செப்டம்பர் 14: பழைய அட்டை வெட்டும் கருவி, செலவு 385 டாலர்.
1993 ஜனவரி 9: முதல் பிரேம், முருகன் படம், வரவு 22 டாலர்.
1997 செப்டம்பர் 22: டாரத்தி ஹால்வர்சன், முன்பணம், வரவு 150 டாலர்.
1997 அக்டோபர் 9: ஹில்கிராஃப்ட் கடை, சந்தனம், குங்குமம், பொரி, கடலை, எலுமிச்சம்பழம் ஆறு, செலவு 11 டாலர் 35 சென்ட்.
1997 அக்டோபர் 30: டாரத்தி ஹால்வர்சன், மீதிப் பணம், வரவு 340 டாலர்.
1997 நவம்பர் 3: ஆஸ்திரேலியாவுக்கு விமானத் தபால், செலவு 1 டாலர்.
1997 நவம்பர் 3 முதல் 1998 அக்டோபர் 16 வரை: டாரத்தி ஹால்வர்சன், வரவு இல்லை.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் மாரிசாமியின் வீட்டு கராஜ் இரண்டு கார் நிறுத்தும் அளவுள்ளது. ஒரு பாதியில் அவர் மனைவி தனபாக்கியத்தின் கேம்ரி நிற்கும். மறுபாதியில் எட்டடி மேஜை, சட்டம் அறுக்கும் வாள், கண்ணாடி வெட்டும் கருவி, கேன்வாஸை இழுத்துப் பிடிக்கும் குறடு, சுவரோடு அடுக்கிய மரச் சட்டங்கள். மேஜை இழுப்பறையில் ஒரு நீல அட்டை நோட்டு. மேலே உள்ள வரிகள் அதில் உள்ளவை. கடைசி வரியில் வரவு இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு புள்ளி. மிளகு அளவுதான் இருக்கும். குறுக்களவு நான்கு மில்லிமீட்டர்.

மாரிசாமி 1946இல் விருதுநகரில் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களில், தாய்மாமன் சுப்பையன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த பிரேம் கடையில் சாயங்காலம் போய் உட்காருவார். கடவுள் படம், கல்யாணப் படம், காலமானவர் படம் என்று மூன்றே வகை வேலை. அங்கே கண்ணாடி வெட்டப் பழகினார். மதுரையில் வரைவாளர் டிப்ளமோ முடித்துக் குவைத்துக்குப் போனார். 1981இல் ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்தார். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று ஆராய்கிறவர்கள் எண்களாகக் கொடுப்பார்கள். அவற்றை மைப் பேனாவால் வரைபடமாக்குவது அவர் வேலை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைப் போட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவார். பதினொரு வருஷத்தில் பிழை என்று திரும்பி வந்தவை இரண்டு தாள்கள். இரண்டும் முதல் வருஷத்தில்.

1992இல் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. பதினான்கு வரைவாளர்களை ஒரே வெள்ளிக்கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாரிசாமி நாற்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டு இடத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். அதோடு சரி. தனபாக்கியம் மெடிக்கல் சென்டரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்ததால் வீட்டுக் கடனுக்குத் தவணை தவறவில்லை. மாரிசாமி பழைய கருவிகளை வாங்கி கராஜில் போட்டார். ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைக்காரர்கள் சாமி படம் கொடுத்தார்கள். டாக்டர் வீடுகளில் பட்டச் சான்றிதழும் அரங்கேற்றப் போட்டோவும் கொடுத்தார்கள். மாமன் கடையின் மூன்று வகைதான் இங்கேயும் திரும்பி வந்தது.

நான்காவது வகையைக் கொண்டுவந்தவர் டாரத்தி ஹால்வர்சன். அதே கம்பெனியில் நிலவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரிசாமி வரைந்த தாள்களில் பாதி அவர் கொடுத்த எண்கள். 1988 முதல் மூன்று வருஷம் கம்பெனி அவரை எரிவாயு தேட ஆஸ்திரேலியாவின் நடுவில் உள்ள பாலைநிலத்துக்கு அனுப்பியிருந்தது. எரிவாயு பெரிதாகக் கிடைக்கவில்லை. அங்கே பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் ஓவிய மையம் ஒன்று இருந்தது. அதில் அவர் இருபத்தேழு கேன்வாஸ் வாங்கினார். சுருட்டிக் கொண்டுவந்தவை ஆறு வருஷம் சுருளாகவே அலமாரியில் கிடந்தன. 1997 நவம்பர் 15ஆம் தேதி ஒரு சிறு கல்லூரியின் கலைக்கூடத்தில் ஒன்றை மட்டும் காட்சிக்கு வைக்க ஒப்புக்கொண்டார். அந்த ஒன்றை செப்டம்பர் 22ஆம் தேதி கராஜ் மேஜையில் விரித்தார்.

“சாமி, கண்ணாடி வேண்டாம். மவுன்ட் அட்டை வேண்டாம். கட்டைச் சட்டத்துல இழுத்துக் கட்டினா போதும். ஆனா ஓரத்துல ஒரு புள்ளிகூட மடிப்புக்குள்ள போகக்கூடாது” என்றார். ஆபீசில் எல்லோரும் மாரிசாமியை அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள்.

“எந்தப் பக்கம் மேல, மேடம்?”

“மேலன்னு ஒண்ணு கிடையாது. அந்த அம்மா தரையில விரிச்சுப் போட்டு, சுத்திச் சுத்தி உக்காந்து வரைஞ்சாங்க. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்.”

“வடக்காவது எதுன்னு சொன்னாங்களா?”

டாரத்தி சிரித்தார். “ஆபீஸை விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் வடக்கைத்தான் தேடறீங்க.”

படம் 122 சென்டிமீட்டர் நீளம், 91 அகலம். மேலிருந்து பார்த்த நிலம். நான்கு இடத்தில் வளையத்துக்குள் வளையமாகப் புள்ளிகள். அவற்றை இணைக்கும் கோடுகள். இடையில் மணல் மேடுகள், காவியும் மஞ்சளும் வெள்ளையும் ஒரு மங்கிய ரோஜா நிறமுமாக. கூட வந்த சான்றிதழில் ஓவியரின் பெயர், ஊர், ஓவிய மையம் கொடுத்த எண் எல்லாம் இருந்தன. விளக்கம் மூன்று வரி. ஓவியரின் தகப்பன்வழி மக்கள் மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் இடங்கள் இவை. இதற்கு மேல் வெளியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஓவியர் கருதுகிறார். ஓவியரின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் பின்னால் வரும்.

படத்தைப் பார்க்க வந்த தெரிந்தவர்கள் எல்லோரும், “நம்ம கோலம் மாதிரியே இருக்கே” என்றார்கள். மாரிசாமிக்கு அது பிடிக்கவில்லை. “இது சர்வே ஷீட்டுங்க” என்பார். கோலம் அழகுக்குப் போடுவது, மறுநாள் அழிந்தால் ஒன்றுமில்லை. இதில் ஒரு வளையம் இடம் மாறினால் ஒருவன் தண்ணீர் இல்லாத இடத்தைத் தோண்டுவான். அவர் அப்படித்தான் அதைப் படித்தார்.

வேலை தொடங்குமுன், படம் எந்த நிலையில் வந்தது என்று நிலைக் குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். படத்தைத் தொடாமல், மேஜையின் நான்கு ஓரத்திலும் ஆணியடித்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரித்தார். கட்டம் கட்டமாகப் புள்ளிகளை எண்ணினார். நான்கு நாள் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை, இதற்குக் கூலியும் இல்லை. மொத்தம் 11,206. உதிர்ந்தவை 9. ஆறாம் வரிசை ஏழாம் கட்டத்தில் 94 புள்ளிகள், வெள்ளையும் மஞ்சளும் மட்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. தனபாக்கியம் ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளித்தாள். கராஜைக் கழுவி, கருவிகளை வரிசையாக வைத்தார்கள். சுப்பையன் கடையில் ஒரு முறை உண்டு. கருவிகளோடு, கையில் இருக்கும் முடியாத வேலை ஒன்றையும் பூஜைக்கு வைக்க வேண்டும். அந்த வருஷத்து வேலை தடையில்லாமல் ஓடும் என்பார் மாமன். கட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெளிச் சட்டம் மட்டும் பாக்கியிருந்த டாரத்தியின் படத்தை மாரிசாமி சுவரில் சாய்த்து வைத்தார்.

வாளுக்கு, குறடுக்கு, ஸ்டேப்ளருக்கு, அளவு நாடாவுக்கு என்று மோதிர விரலால் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு வயது மகள் கயல் தன் கணக்குக் கால்குலேட்டரை நீட்டினாள்.

“அப்பா, நாட் ஆன் த ஸ்க்ரீன்.”

“தெரியும் பாப்பா. பின்னாடிதான் வைக்கிறேன்.”

“லாஸ்ட் இயர் யூ டிட் இட் ஆன் த ஸ்க்ரீன்.”

“போன வருஷம் வச்சதுனாலதானே மேத்ஸ்ல ஏ வாங்குன?” என்றாள் தனபாக்கியம், குங்குமத் தட்டைப் பிடித்தபடி. “பேசாம நில்லு.”

படத்தின் முகத்தில் வைப்பதில்லை என்று மாரிசாமிக்குத் தெரியாதா. மேல் கட்டையின் முதுகில் வைக்க, கேன்வாஸுக்கு மேலாகக் கையை வளைத்துக் கொண்டுபோனார். அப்போது விரலிலிருந்து ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. தனபாக்கியமும் பார்க்கவில்லை. பிறகு கற்பூரம் காட்டினார்கள். கேம்ரி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு டிரைவ்வேயில் இறங்கியது. கயல் பொரியை மட்டும் எடுத்துக்கொண்டு கடலையை ஒதுக்கினாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. யாரும் தொடவில்லை. அக்டோபரானாலும் ஹூஸ்டன் கராஜ் அடுப்புப் போலத்தான் இருக்கும். அந்தச் சூட்டில் அக்ரிலிக் வண்ணம் இளகும். பதினான்கு மணி நேரம் சந்தனமும் குங்குமமும் அதன்மேல் உட்கார்ந்திருந்தன.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வெளிச் சட்டத்தை எடுத்துக்கொண்டு படத்தின் முன் வந்து நின்றபோது, ஆறாம் வரிசை ஏழாம் கட்டத்தில் ஒரு சிவப்பு இருந்தது. குறிப்பை எடுத்துப் பார்த்து எண்ணினார். தொண்ணூற்றைந்து.

காய்ந்த சந்தனம் மெல்லிய தூரிகை பட்டதும் உதிர்ந்தது. சிவப்பு உதிரவில்லை. படத்தின் மேல் வேறெதையும் அவர் முயலவில்லை. வேறு கேன்வாஸ் துண்டுகள் ஏழில் அக்ரிலிக் பூசி, அதே சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்து, அதே சுவரடியில் பதினான்கு மணி நேரம் காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் துடைத்தார். நான்கில் சிவப்பு ரோஜா நிறமாகப் பரவியது. மூன்றில் அடியிலிருந்த வண்ணமும் சேர்ந்து வந்தது. ஏழு துண்டுகளுக்கும் எண் போட்டு உறையில் வைத்தார். திங்கட்கிழமை டாரத்திக்குப் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்.

“எங்கே?” என்று கேட்டார். மாரிசாமி காட்டினார். டாரத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். “இதுவா? நீங்க காட்டலைன்னா நான் செத்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.”

“எடுக்க முடியாது மேடம். ட்ரை பண்ணிப் பார்த்துட்டேன்.” உறையைத் திறந்து ஏழு துண்டுகளையும் பரப்பினார்.

டாரத்தி, மியூசியத்தில் படங்களைச் சரிசெய்யும் ஒருவரிடம் போனில் கேட்டார். அவரும் தொட வேண்டாம் என்றார். டாரத்தி போனை வைத்துவிட்டு, “சரி. முடிஞ்சுது. வெளிச் சட்டத்தைப் போட்டுக் கொடுங்க” என்றார்.

“வரைஞ்சவங்ககிட்ட சொல்லணும்.”

“எதுக்கு?”

“அவங்க போடாத புள்ளி ஒண்ணு இருக்கு.”

“சாமி, பதினோராயிரம் புள்ளியில ஒண்ணு. கேட்டலாக் அச்சாயிடுச்சு. நீங்க லெட்டர் போட்டா சான்றிதழை மாத்தணும்பாங்க, படம் சேதம்னு எழுதுவாங்க. அடுத்த தடவை அந்த மையத்து வாசலை நான் எந்த முகத்தோட மிதிக்கறது? எனக்கு வருத்தமில்லை, உங்களுக்கு மட்டும் எதுக்கு?”

மாரிசாமி ஏழு துண்டுகளையும் உறைக்குள் திரும்ப வைத்தார். “நம்ம ஷீட்ல, நீங்க கொடுக்காத கிணறு ஒண்ணை நான் போட்டிருந்தா விட்டிருப்பீங்களா மேடம்?”

டாரத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். காரில் ஏறும்போது, “அது வேற” என்றார்.

அக்டோபர் 30ஆம் தேதி படத்தை எடுத்துக்கொண்டு போக வந்தார். மேலும் கீழும் இல்லாத படம் என்பதால் நான்கு பக்கமும் மாட்டுவதற்கு வளையம் அடித்திருந்தார் மாரிசாமி. அதைப் பார்த்து டாரத்தி சந்தோஷப்பட்டார். மீதிப் பணத்தை முழுசாகக் கொடுத்தார். பிறகு சொன்னார்: “மிச்சம் இருபத்தாறும் உங்களுக்குத்தான்னு வெச்சிருக்கேன். ஆனா அந்த லெட்டர் போச்சுன்னா வேற கடைக்குப் போகும். நான் கோபத்துல சொல்லலை. என் படத்துல நடந்ததை ஊருக்கு எழுதற ஆள்கிட்ட நான் மிச்சத்தைக் கொடுக்க முடியாது.”

இருபத்தாறு படம் என்றால் ஒன்றுக்கு 490 டாலர். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தனபாக்கியம் அதைக் கணக்குப் போட்டுச் சொன்னாள். மாரிசாமி ஏற்கெனவே போட்டிருந்தார்.

“ஒன்றரை வருஷம் கராஜ்ல சும்மா இருக்க வேண்டாம்னு ஆண்டவனே கொண்டாந்து குடுத்திருக்கான்” என்றாள். “நீங்க அதுல வடக்கு எங்கேன்னு தேடிட்டிருக்கீங்க.”

“நீ லேப்ல ஒரு ட்யூப்ல தப்பா லேபிள் ஒட்டிட்டா என்ன பண்ணுவ?”

“சொல்லிடுவேன். சொல்லலைன்னா யாராவது செத்துருவாங்க. இங்க யாரு சாகப் போறா?”

“எனக்குத் தெரியலை. அதான் கேக்கணும்கிறேன்.”

தனபாக்கியம் ரசத்தை ஊற்றினாள். “எழுதறதுதான் எழுதறீங்க, குங்குமம் வச்சது நான் இல்லைன்னு எழுதிருங்க. தட்டைப் பிடிச்சது மட்டும்தான் நான்.”

கடிதம் ஒரு பக்கம். ஏழு தடவை எழுதிப் பார்த்து, எட்டாவதை அனுப்பினார். நடந்தது என்ன, எந்த நாள், எந்தக் கட்டம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, கட்டங்கள் போட்ட வரைபடம் ஒன்றையும் இணைத்தார். கடைசி வரியில் கேட்டார்: இந்தப் புள்ளி இருக்கலாமா, கூடாதா என்பதை ஓவியர்தான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? நவம்பர் 3ஆம் தேதி தபாலில் போட்டார். அன்றே டாரத்திக்குப் போன் செய்து, போட்டுவிட்டேன் என்று சொன்னார். டாரத்தி, “சொன்னதுக்கு நன்றி” என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 15ஆம் தேதி காட்சி திறந்தது. மாரிசாமியும் தனபாக்கியமும் போய்ப் பார்த்தார்கள். படத்தின் அருகில் நாலைந்து பேர் நின்று பேசினார்கள். ஒருவரும் ஆறாம் வரிசை ஏழாம் கட்டத்தைப் பார்க்கவில்லை. மாரிசாமி அதை மட்டும்தான் பார்த்தார்.

டிசம்பர் 9ஆம் தேதி பதில் வந்தது. மையத்தின் பொறுப்பாளர் ஹீதர் எழுதியிருந்தார். கடிதத்தை ஓவியருக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினார்களாம். ஓவியர் வரைபடத்தைத் தரையில் வைத்து, அந்த இடத்தில் விரலை வைத்து, வெகுநேரம் சிரித்தாராம். பிறகு ஒரு கேள்வி கேட்டாராம். அந்த ஆள் என் இடத்தில் என்னத்தைப் போட்டான்? தண்ணீரா, நெருப்பா, ஆளா? அதைச் சொல்லச் சொல். பிறகு சொல்கிறேன்.

இதற்குப் பதில் எழுதுவது முதல் கடிதத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. குங்குமம் என்றால் என்ன என்று மாரிசாமியிடம் யாரும் கேட்டதில்லை. தனபாக்கியத்திடம் கேட்டார்.

“குங்குமம்னா குங்குமம். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?”

“தண்ணியா, நெருப்பா, ஆளான்னு கேக்கறாங்க.”

தனபாக்கியம் யோசித்தாள். “தண்ணி இல்லை. நெருப்பும் இல்லை.”

“அப்ப ஆளா?”

“வாள்ல எதுக்கு வைக்கிறோம்? ஆள் மாதிரி நினைச்சுத்தானே வைக்கிறோம்.”

மாரிசாமி எழுதியது இது: எங்களுக்குச் சோறு போடும் பொருள்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து, மனிதருக்கு நெற்றியில் வைப்பதுபோல் இதை வைப்போம். உங்கள் படத்தின் சட்டத்துக்கு வைக்கப் போனபோது இது தவறி உங்கள் நிலத்தில் விழுந்துவிட்டது. தண்ணீர் அல்ல. யாரும் அங்கே தோண்டக்கூடாது.

1998 பிப்ரவரி 17ஆம் தேதி இரண்டாவது பதில் வந்தது. அதன் நகல் ஒன்று டாரத்திக்கும் போயிருந்தது. ஓவியர் சொன்னதாக ஹீதர் எழுதியிருந்தவை நான்கு வாக்கியங்கள். அப்படியானால் அவன் தண்ணீர்க்கரையில் கேட்காமல் வந்து உட்கார்ந்தவன். இப்போது கேட்டுவிட்டான். உட்கார்ந்திருக்கட்டும். ஆனால் யார் வந்து உட்கார்ந்தது என்று படத்தின் முதுகில் என் பெயருக்குக் கீழே எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் பேரப்பிள்ளைகள் அது நான் போட்டது என்று நினைப்பார்கள்.

மார்ச் 1ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டாரத்தி படத்தைக் கொண்டுவந்தார். உள்ளே வந்து உட்கார மறுத்துவிட்டார். மாரிசாமி மேல் கட்டையின் முதுகில், சட்டம் போட்டபோது எழுதியிருந்த ஓவியரின் பெயருக்குக் கீழே, வரைபடப் பேனாவால் ஒரு வரி எழுதினார்: ஆறாம் வரிசை ஏழாம் கட்டத்துச் சிவப்புப் புள்ளி, மாரிசாமி, சுகர் லேண்ட், 1997 அக்டோபர் 10, தவறி விழுந்தது. மை காயும்வரை டாரத்தி டிரைவ்வேயிலேயே நின்றார்.

“அந்த லெட்டரை நாலு தடவை படிச்சேன்” என்றார் போகும்போது. இருபத்தாறு படங்களும் வேறு கடைக்குத்தான் போயிருந்தன.

அக்டோபர் 17ஆம் தேதி, சனிக்கிழமை, முன்னால் போன் செய்யாமல் வந்தார். காரின் பின்சீட்டில் ஒரு படம். அந்தக் கடையில் ஓரத்தை இரண்டு அங்குலம் மடித்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். ஒரு மணல் மேட்டில் பாதி முதுகுப் பக்கம் போயிருந்தது.

“அவங்ககிட்ட சொன்னேன். யாருக்குத் தெரியப் போகுதுன்னாங்க” என்றார் டாரத்தி.

மாரிசாமி படத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்தார். ஒவ்வொரு ஸ்டேப்ளாகக் கழற்றினார். அன்று நோட்டில் வரவு எழுதினார். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வரத் தொடங்கின.

1999 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஹீதரிடமிருந்து கடிதம் வந்தது. ஓவியர் காலமாகிவிட்டார். அவர்கள் வழக்கப்படி, குடும்பத்தார் சொல்லும்வரை இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது, எழுதியிருந்தால் கண்ணில் படக்கூடாது, அவர் போட்டோவையும் வைக்கக்கூடாது. படங்களின் முதுகில் உள்ள பெயரை மறைத்து உதவ வேண்டும்.

மாரிசாமி எழுதியதை அழித்ததில்லை. அழிக்கச் சொல்லவில்லை, மறைக்கத்தான் சொல்கிறார்கள் என்று இரண்டாவது தடவை படிக்கும்போது பார்த்தார். பின்னால் சேதமில்லாமல் எடுக்கக்கூடிய மெல்லிய தாளும் கோதுமைப் பசையும் எடுத்துக்கொண்டு டாரத்தியின் வீட்டுக்குப் போனார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கவிழ்த்தார்கள். அளந்து வெட்டிய தாளைப் பெயரின் மேல் ஒட்டினார்.

ஒட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தார். இப்போது அந்தக் கட்டையில் தெரிந்தது ஒரே பெயர்தான். பதினோராயிரத்து இருநூற்று ஆறு புள்ளி வைத்தவர் பெயர் இல்லை. ஒரு புள்ளி தவறவிட்டவன் பெயர் மட்டும் இருந்தது.

“என்ன ஆச்சு?” என்றார் டாரத்தி.

“இன்னொரு தாள் வேணும்.”

“உங்க பெயரையுமா? அவங்க அதைக் கேக்கலையே.”

“கேக்கலை. ஆனா பின்னாடி திருப்பிப் பார்க்கறவன் இது என் படம்னு நினைப்பான்.”

“எழுதி வைக்கணும்னு அந்த அம்மாவே சொன்னாங்க, சாமி.”

“அவங்க பெயருக்குக் கீழேன்னு சொன்னாங்க.”

டாரத்தி கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். மாரிசாமி இரண்டாவது தாளையும் வெட்டி ஒட்டினார். ஆனால் ஓவியரின் சொல்லை மீறிவிட்டோமோ என்ற சந்தேகம் வீடு வரும்வரை விடவில்லை. அன்றே ஹீதருக்கு எழுதினார்: உங்கள் சொற்படி அந்தப் பெயரை மறைத்தேன். நீங்கள் சொல்லாமலே என் பெயரையும் மறைத்திருக்கிறேன். அது சரியா, தவறா என்று குடும்பத்தாரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். தவறு என்றால் என் பெயரைத் திறந்துவிடுகிறேன்.

பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து அதே கடிதத்தின் நகலை அனுப்பினார். அதற்கும் இல்லை. தனபாக்கியம், “அவங்க துக்கத்துல இருக்கறப்ப நீங்க ரசீது கேட்டுட்டிருக்கீங்க” என்றாள். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. நோட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கி, தேதிக்கு இடம் விட்டு வைத்திருந்தார். டாரத்தியின் படங்களில் ஒன்பது முடிந்தன. கயல் ஹைஸ்கூலுக்குப் போனாள். ஆயுத பூஜையில் முடியாத வேலையை வைக்கும் முறையை மட்டும் மாரிசாமி மாற்றிக்கொண்டார். படத்துக்குப் பதிலாக வெறும் சட்டம் ஒன்றை வைத்தார்.

அவர் கேட்டுப் பத்தொன்பது மாதம் கழித்து வந்த கடிதத்தில் ஹீதரின் கையெழுத்து இல்லை. அவர் போய் வேறொருவர் வந்திருந்தார். ஓவியரின் மகள் சொன்னதை அவர் எழுதியிருந்தார். வேறு இடங்களில் அந்தப் பெயரைச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை, அந்தப் படத்தின் முதுகில் மட்டும் திறக்கலாம். கீழே உள்ள ஆளின் பெயரை அம்மா இருக்கும்போது மறைத்திருந்தால் தவறு. அம்மாவின் பெயரோடு சேர்ந்து மறைந்திருந்தது சரிதான். இப்போது இரண்டையும் திறக்க வேண்டும். மேலே உள்ளதை முதலில்.

ஒட்டிய தாள்களை நனைத்து எடுக்க மாரிசாமி பஞ்சையும் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு கிளம்புமுன், நோட்டில் விட்டு வைத்திருந்த இடத்தை நிரப்பினார்: கடிதம் வந்து சேர்ந்தது, 2001 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை.